திருப்பிக் கொடுத்த மடிக்கணினிக்குத் தவணை எதற்கு?

மார்சிலிங் டிரைவில் எந்த அடுக்குமாடியில் ஏறினாலும், மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுவது பார்சல்கள்தான். செருப்பு அலமாரியின் மேல் ஒன்று இருக்கும், இரும்புக் கதவின் கம்பியில் மாட்டிய பையில் இன்னொன்று தொங்கும். கைப்பேசி, மடிக்கணினி, சோறு வடிக்கும் குக்கர் என்று எது வேண்டுமானாலும் ஒருகாலத்தில் சிம் லிம் ஸ்குவேருக்கோ தேக்கா பக்கம் முஸ்தஃபாவுக்கோ ரயில் ஏறிப் போன குடும்பங்கள், இப்போது வாசலிலேயே எடுத்துக்கொள்கின்றன. வாங்கும் இடம் மாறியதோடு பணம் கட்டும் முறையும் மாறிவிட்டது. கடைசிப் பக்கத்தில் "முழுத் தொகையா, மூன்று தவணையா, பன்னிரண்டு மாதமா" என்று ஒரு தெரிவு வருகிறது. விரலால் ஒரு தட்டு தட்டினால் பொருளும் வாங்கியாயிற்று, கடனும் வாங்கியாயிற்று. வாங்கும்போது ஒன்றாக இருக்கும் இந்த இரண்டும், பொருள் பழுதாகிவிட்டால் மட்டும் தனித்தனியாகிவிடுகின்றன. விற்றவரோடு ஒரு வழக்கு, கடன் கொடுத்தவரோடு வேறு ஒரு கணக்கு. பொருளைத் திருப்பிக் கொடுத்த பிறகும் தவணை மட்டும் மாதா மாதம் அட்டையிலிருந்து போய்க்கொண்டே இருக்க இடம் இருக்கிறது. இது நியாயமில்லை, சட்டத்தால் திருத்தப்பட வேண்டும் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

முதலில், நம் கையில் என்ன உரிமை இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துவிடலாம். இதில் குழப்பம் நிறைய. சிங்கப்பூரில், மனம் மாறிவிட்டது என்பதற்காக ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கும் பொதுவான சட்ட உரிமை கிடையாது. ஐந்து வேலை நாள்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று பலர் சொல்வது, அழைக்காமலே வீடு தேடி வந்து விற்பவர்களுக்கும் விடுமுறை விடுதிப் பங்குத் திட்டங்களுக்கும் உள்ள விதி. இணையத்தில் நீங்களாகத் தேடி வாங்கிய கைப்பேசிக்கு அது பொருந்தாது. ஆனால் பொருளில் குறை இருந்தால் கதை வேறு. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வாணிபம்) சட்டத்தில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த பகுதியை எல்லாரும் "லெமன் சட்டம்" என்கிறார்கள். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது முதல் நாளே இருந்த குறை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. குறை இருக்கிறது என்று காட்டினால் உங்களுக்குப் போதும், அது எப்போது வந்தது என்று நீங்கள் நிறுவ வேண்டியதில்லை. விற்றவர் முதலில் பழுதுபார்க்க வேண்டும் அல்லது மாற்றிக் கொடுக்க வேண்டும், அதுவும் நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லாமல். முடியவில்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்கலாம். "தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்று சொல்லி விற்றவர் கழன்றுகொள்ள முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் அது முழுக்க விற்றவரைப் பார்த்துத்தான் பேசுகிறது. கடன் கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இதன் விளைவு என்ன என்பதை ஒரு கணக்கு வைத்துப் பார்த்தால் தெரியும். 900 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினி. இப்போது வாங்கிப் பிறகு கட்டும் 'பே லேட்டர்' செயலி வழியாக மூன்று தவணை, தவணைக்கு 300. முதல் 300 வாங்கிய அன்றே போய்விடும். இரண்டாவது அடுத்த மாதம். நாற்பதாவது நாள் திரை கோடு கோடாகப் போகிறது. விற்பனைத் தளம் கொடுத்த திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்திருக்கும். அந்தக் கெடு பெரும்பாலும் நாள் கணக்கில்தான், மாதக் கணக்கில் இருப்பதில்லை. லெமன் சட்டத்தின் ஆறு மாதத்தில் இன்னும் நாலரை மாதத்துக்கு மேல் மீதி இருக்கிறது, ஆகவே உரிமை உங்களிடம்தான். விற்றவருக்கு எழுதுகிறீர்கள். அவர் பொருளை வாங்கிப் பார்க்கிறேன் என்கிறார், மூன்று வாரம் பதில் இல்லை. இதற்கிடையில் மூன்றாவது 300 வெள்ளி, யாரையும் கேட்காமல், நீங்கள் பதிந்து வைத்த அட்டையிலிருந்து போய்விடுகிறது. விற்றவருக்கோ அவசரமே இல்லை. செயலி நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மொத்தத் தொகையையும் அவருக்கு என்றோ கொடுத்துவிட்டது. மூன்று பேர் சம்பந்தப்பட்ட வியாபாரத்தில் இரண்டு பேருக்குப் பணம் வந்தாயிற்று, பொருளும் இல்லாமல் பணமும் இல்லாமல் நிற்பவர் ஒருவர்தான். வங்கி அட்டையில் பன்னிரண்டு மாதத் தவணை என்றால் நிலைமை இன்னும் நீளும். பொருளில் தகராறு என்றால் கடைக்காரரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்பதுதான் பொதுவாக அந்த நிபந்தனைகளின் சாரம்.

"கடன் தனி, வியாபாரம் தனி, இதில் என்ன தவறு" என்று கேட்கலாம். இதே கேள்வியை பிரிட்டன் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, வேறு பதிலுக்கு வந்தது. 1971-ல் குரோதர் குழு அறிக்கை கொடுத்தது. கடன் கொடுப்பவரும் விற்பவரும் கூட்டாகத் தொழில் செய்யும்போது, விற்பவரின் தவறுக்குக் கடன் கொடுப்பவரும் பதில் சொல்ல வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1974-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் கடன் சட்டத்தில் அது 75-ஆம் பிரிவாக ஏறியது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒரு பொருளைக் கடன் அட்டையில் வாங்கினால், அட்டை கொடுத்த வங்கியும் விற்றவருக்குச் சமமாகப் பொறுப்பு. கடை மூடிப்போனாலும், பணத்தை வங்கியிடம் கேட்கலாம்.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமாக ஒரு வழக்கு இருக்கிறது. 1998 டிசம்பர் 28 அன்று, ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ரிச்சர்ட் டர்க்கின் என்பவர் ஒரு மடிக்கணினி வாங்கினார். விலை 1,499 பவுண்டு. 50 பவுண்டு முன்பணம், மீதிக்கு எச்.எஃப்.சி வங்கியின் கடன். கடன் பத்திரத்தைக் கடையிலேயே நீட்டினார்கள், அவரும் கையெழுத்துப் போட்டார். உள்ளே மோடம் இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி. இல்லையென்றால் திருப்பிக் கொண்டுவரலாம் என்று கடையில் சொன்னார்கள். வீட்டில் திறந்து பார்த்தால் மோடம் இல்லை. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தார். கடை மேலாளர் அதை ஏற்க மறுத்தார். வங்கியோ, கடன் கடன்தான், கட்டு என்றது. கட்டவில்லை என்று கடன் தகவல் நிறுவனங்களில் அவர் பெயரைக் கெடுத்தும் விட்டது. 2014 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விற்பனை முறிந்தால் அதற்காகவே கொடுக்கப்பட்ட கடன் ஒப்பந்தத்தையும் முறித்துக்கொள்ள வாங்கியவருக்கு உரிமை உண்டு, முறிந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகு அதை விசாரிக்காமல் அவரைக் கடன் தவறியவர் என்று பதிந்தது வங்கியின் கவனக்குறைவு என்றது. இழப்பீடு 8,000 பவுண்டு. ஒரு மடிக்கணினிக்காகப் பதினைந்து ஆண்டுகள். கடனும் விற்பனையும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று சொல்வதற்கு ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அதுவும், பாதி வேலையை முடித்துவைத்த ஒரு சட்டம் ஏற்கெனவே அங்கே இருந்தும்.

இது வெள்ளைக்காரர் நாட்டு விஷயம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. நம் வணிகச் சட்டத்தின் பெரும் பகுதி அங்கிருந்து வந்ததுதான். 1993-ல் சிங்கப்பூர், எந்தெந்த ஆங்கிலச் சட்டங்கள் இங்கே தொடரும் என்று பட்டியல் போட்டபோது, 1979-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் அதில் இருந்தது. நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டமும் இருந்தது. பயனீட்டாளர் கடன் சட்டம் இல்லை. 2012-ல் லெமன் சட்டத்தைக் கொண்டுவந்தபோதும் பிரிட்டன் விதிகளைப் பார்த்துத்தான் அமைத்தார்கள், அப்போதும் விற்பவரைக் கட்டும் பகுதி வந்தது, கடன் கொடுப்பவரைக் கட்டும் பகுதி வரவில்லை. அன்று அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். கடன் அட்டை என்பது ஆண்டுக்கு 30,000 வெள்ளியாவது சம்பாதிப்பவர்களின் பொருளாக இருந்தது. இன்று தவணை வசதி எல்லார் கைப்பேசியிலும் வந்து நிற்கிறது.

இன்னும் முக்கியமான விஷயம், இந்தக் கொள்கை சிங்கப்பூர்ச் சட்டத்துக்கே புதியதல்ல என்பதுதான். 1969-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்தைப் புரட்டினால் தெரியும். தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் தவணையில் வாங்கிய காலத்துக்கு எழுதியது அது, 20,000 வெள்ளி வரையுள்ள வீட்டுப் பொருள்களுக்கு இன்றும் பொருந்துகிறது. அந்த முறையில் கடைசித் தவணை கட்டும்வரை பொருளின் சொந்தக்காரர் நிதி நிறுவனம்தான். அதனால் பொருளின் தரத்துக்கும் அதுதான் பொறுப்பு. கடைக்காரர் விற்கும்போது சொன்ன பொய்க்கும்கூட, நிதி நிறுவனமே சொன்னதுபோல் எடுத்துக்கொண்டு ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அப்படியானால், ஒரு கடையில் காகிதப் படிவத்தில் வாடகைக் கொள்முதலுக்குக் கையெழுத்திட்டவருக்கு இருக்கும் பாதுகாப்பு, அதே பொருளைக் கைப்பேசியில் தவணைக்கு வாங்கியவருக்கு இல்லை. காரணம், செயலி வழி வாங்கும்போது பொருள் உடனே உங்களுக்குச் சொந்தமாகிவிடுகிறது, கடன் மட்டும் தனியாக நிற்கிறது. வழக்கறிஞருக்கு இது பெரிய வேறுபாடு. மார்சிலிங்கில் மாதம் 300 வெள்ளி கட்டும் குடும்பத்துக்கு இதில் என்ன வேறுபாடு இருக்கிறது? மாதத் தவணைக்கு ஒரு பொருள், அவ்வளவுதான். புதிய வியாபாரம் பழைய சட்டத்தின் வாசகத்துக்குள் பொருந்தாமல் போனதால் பயனீட்டாளர் உரிமை குறைந்துவிட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அரசு இதைக் கவனிக்கவே இல்லை என்று சொல்லவும் முடியாது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் வழிகாட்டுதலில், நிதித் தொழில்நுட்பச் சங்கம் 2022 அக்டோபரில் பே லேட்டர் நிறுவனங்களுக்கு ஒரு நடத்தை விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. கூடுதல் கடன் தகுதிச் சோதனை இல்லாமல் ஒருவர் 2,000 வெள்ளிக்கு மேல் ஒரு நிறுவனத்திடம் பாக்கி வைக்க முடியாது, தவணை தவறினால் மேலும் வாங்க முடியாதபடி கணக்கு நிறுத்தப்படும், கட்டணங்களை ஒளிக்கக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. கடனில் மூழ்காமல் காப்பதற்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் அக்கறை, கட்ட முடியாதவரைப் பற்றியது. கட்டக் கூடியவர், கட்டக் கூடாத ஒன்றுக்குக் கட்டிக்கொண்டிருப்பது வேறு பிரச்சினை. மேலும் அது தொழில்துறை ஒப்புக்கொண்ட விதித்தொகுப்பு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல. அதைக் காட்டி சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் "என் உரிமை" என்று நிற்க முடியாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். கடன் கொடுப்பவருக்குப் பொருளைப் பற்றி என்ன தெரியும், திரையில் கோடு விழுந்ததற்கு அவரா பொறுப்பு என்பது முதலாவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவணைப் பொத்தான் அந்தக் கடையின் பக்கத்தில் தானாக முளைக்கவில்லை. கடைக்காரரைத் தேர்ந்து, ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்பவர் கடன் கொடுப்பவர்தான். வட்டி இல்லை என்கிறார்களே, வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி கடைக்காரரிடமிருந்துதான். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2013-லேயே பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று சொல்லி அத்தகைய திட்டங்களைத் தடுத்தது. விற்பனையில் பங்கு வாங்குபவர் விற்பனையின் குறையிலும் பங்கேற்பது முறை. அதோடு, மோசமான கடைக்காரரை வழிக்குக் கொண்டுவரும் பலம் அவரிடம்தான் இருக்கிறது. அடுத்த வாரம் தர வேண்டிய பணத்தில் பிடித்தம் செய்யலாம், ஒப்பந்தத்தையே முறிக்கலாம். தனி ஒரு வாடிக்கையாளரால் இதில் எதுவும் முடியாது.

இரண்டாவது, செலவு கூடும், அந்தச் செலவு கடைசியில் நம் தலையில்தான் விழும், குறைந்த வருமானக்காரருக்குக் கடனே கிடைக்காமல் போகும் என்பது. கொஞ்சம் செலவு கூடத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் இன்று அந்தச் செலவு இல்லாமல் இல்லை. பழுதான பொருள் யார் கைக்குப் போய்ச் சேர்ந்ததோ, அந்த ஒருவர் முழுவதையும் சுமக்கிறார். அதை எல்லா விற்பனைகளிலும் பரப்பினால் ஒவ்வொருவருக்கும் சில காசுகள்தான் ஆகும். பிரிட்டனில் 75-ஆம் பிரிவு வந்து ஐம்பது ஆண்டு ஆகிறது, அட்டைத் தொழில் அழிந்துவிடவில்லை. பே லேட்டர் அங்கேயும் அந்தச் சட்டத்துக்கு வெளியில்தான் இருந்தது, அதை உள்ளே கொண்டுவரும் ஆணையை 2025-ல் பிறப்பித்தார்கள். இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு ஒரு நாடு ஒரு விதியைச் சுருக்காமல் விரிக்கிறது என்றால், அது தாங்கக் கூடிய செலவுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது எதிர்வாதத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஆட்கள் ஏமாற்றுவார்கள். இரண்டு மாதம் பயன்படுத்திவிட்டு, பழுது என்று சொல்லித் தவணையை நிறுத்திக்கொள்வார்கள். சிறு கடைக்காரர்கள் இதனால் உண்மையிலேயே அடிபடுகிறார்கள். அதனால்தான், புகார் கொடுத்தால் கடன் அழியும் என்று விதி இருக்கக் கூடாது என்கிறேன். புகார் எழுத்தில் வந்ததும் தவணை நின்று இருக்கட்டும், தாமதக் கட்டணமோ கடன் பதிவில் கரும்புள்ளியோ வேண்டாம். குறை இல்லை என்று முடிவானால் நின்ற தொகையைக் கட்ட வேண்டும். குறை உண்டு என்று விற்பனை முறிந்தால் கடனும் முறியும், கட்டியது திரும்பும். லெமன் சட்டத்திலேயே, பணத்தைத் திருப்பும்போது வாங்கியவர் பயன்படுத்திய அளவைக் கணக்கிட்டுக் குறைக்க இடம் இருக்கிறது. ஏமாற்றுபவருக்கு இதில் பெரிய லாபம் கிடையாது.

தளங்களின் உத்தரவாதமும் தகராறு வந்தால் பணத்தை அட்டைக்கே திருப்பும் அட்டை நிறுவனங்களின் சார்ஜ்பேக் முறையும் போதாதா என்பவர்களும் உண்டு. இருக்கும் இடத்தில் அவற்றைக் கட்டாயம் பயன்படுத்துங்கள், பலருக்குப் பணம் திரும்பியும் இருக்கிறது. ஆனால் முன்னது தளம் தன் விருப்பப்படி மாற்றக் கூடிய கொள்கை, பின்னது விசா, மாஸ்டர்கார்டு ஆகியவற்றின் உள்விதி. இரண்டிலும் கெடு உண்டு, முடிவு அவர்கள் கையில். சலுகை எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அது உரிமை ஆகாது.

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. குறை தெரிந்த அன்றே, சாதனத்தின் வரிசை எண்ணும் குறையும் ஒன்றாகத் தெரியும்படி காணொளி எடுத்துவையுங்கள். விற்றவருக்குத் தளத்தின் உரையாடல் பெட்டியிலேயே எழுதுங்கள், வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னால் போகாதீர்கள். அதே நாளில் அதே கடிதத்தைக் கடன் கொடுத்தவருக்கும் அனுப்பி, தவணையை நிறுத்திவைக்கக் கேளுங்கள். மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். ஆனால் நீங்களாகத் தவணையை நிறுத்திவிடாதீர்கள். இன்றைய நிலையில் அது தாமதக் கட்டணத்திலும் கணக்கு முடக்கத்திலும் கொண்டுபோய் விடும், வங்கி அட்டையானால் கடன் தகவல் பதிவிலும் ஏறும். எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டே கட்டுங்கள். வங்கியோடுதான் தகராறு என்றால் நிதித் துறைப் பூசல் தீர்வு நிலையம் இருக்கிறது. விற்றவர் அசையவில்லையென்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் சமரசம் பேசும். அதுவும் நடக்காவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கையை, இரண்டு ஆண்டுக்குள், இணையத்திலேயே பதியலாம். 5,000 வெள்ளி வரை பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞர் வைக்க இரு தரப்புக்கும் அனுமதியில்லை. மின்சாதனத்துக்காக அந்தப் படியேற நம்மவர்கள் தயங்குவதைப் பார்க்கிறேன். அந்த மன்றம் இந்த மாதிரித் தொகைகளுக்காகத்தான் 1985-லிருந்து இயங்கிவருகிறது.

நான் கேட்கும் திருத்தம் எட்டாத இடங்களும் உண்டு. வெளிநாட்டு விற்பனையாளருக்கு எதிராக இங்கே உத்தரவு வாங்கினாலும் அதை நிறைவேற்றுவது கடினம். இங்கே இயங்கும் கடன் நிறுவனத்தைப் பொறுப்பாக்கினால் அந்த ஓட்டையில் பெரும்பகுதி அடைபடும் என்பது என் வாதத்துக்கு இன்னொரு பலம். ஆனால் கிராஞ்சி, சுங்கை காடுட் பக்கம் விடுதிகளில் இருக்கும் நம் ஊழியர்கள் சிலர் உரிமம் பெற்ற கடன்காரரிடம் ரொக்கம் வாங்கிக் கைப்பேசி எடுக்கிறார்கள். ஆண்டு வருமானம் 10,000 வெள்ளிக்குக் குறைந்த வெளிநாட்டவருக்கு 500 வெள்ளிதான் உச்ச வரம்பு, வட்டி மாதம் 4 விழுக்காடு வரை போகலாம். அந்தக் கடன்காரருக்கும் கைப்பேசி விற்றவருக்கும் எந்த உறவும் இல்லை, ஆகவே கைப்பேசி திரும்பினாலும் கடன் நிற்காது, நிற்க வேண்டும் என்று கேட்கவும் முடியாது. அவர்களுக்கு உதவக் கூடியது விற்றவரிடமிருந்து விரைவாகப் பணத்தைத் திரும்பப் பெறுவது ஒன்றுதான். அதற்கு லெமன் சட்டத்தில் "நியாயமான காலம்" என்று பொதுவாக விட்டிருக்கும் இடத்தில், கைப்பேசி போன்ற பொருள்களுக்கு நாள் கணக்கை எழுதிவைக்க வேண்டும். பதினான்கு நாள் என்று நான் வைப்பேன். அதற்குள் பழுதுபார்த்துத் தரவில்லையென்றால் பதினைந்தாம் நாள் முழுப் பணத்தையும் கேட்கலாம்.